வெளிநாட்டில் இருந்து வந்த கேம் பெட்டி: குறைந்த செலவில் வைஃபையில் இணைப்பது எப்படி?

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோ லண்டனில் இருக்கும் சித்தியோ விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. அங்கே பிள்ளைகள் புதியதை வாங்கியதும் பழைய பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பொக்ஸ் இங்கே வந்து சேர்கிறது. டிஸ்க்கைப் போட்டு விளையாட இணையம் தேவையில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்பது அதை அல்ல. வெளிநாட்டில் இருக்கும் மச்சானோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்பதைத்தான்.

செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. "நீங்கள் மீடியா படிச்சனீங்கள்தானே பிள்ளை, இதுக்கு எவ்வளவு காசு முடியும்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். கடையில் விசாரித்தால் புது ரவுட்டர், புது இணைப்பு, மாதாந்தக் கட்டணம் என்று கணக்கு நீளும். நாட்கூலியில் ஓடும் வீட்டில் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

உண்மையில் பெரும்பாலான வீடுகளில் எதையும் புதிதாக வாங்கவேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசியோ, பழைய மடிக்கணினியோ, ஒரு துண்டு வயரோ போதும். காசு கரைவது இணைப்பதில் அல்ல, அதற்குப் பிறகு ஓடும் டேட்டாவில். இரண்டையும் பார்ப்போம்.

முதலில் பெட்டியின் பின்பக்கம்

இணையத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். இங்கே 230. பெட்டியிலோ அதன் அடப்டரிலோ 'இன்புட்' என்ற இடத்தில் 100–240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 110–127 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் நேரே செருகக் கூடாது. வட அமெரிக்காவில் இருந்து வரும் எக்ஸ்பொக்ஸ் 360 அடப்டர்கள் பலவும் இந்த வகை. இங்கத்தைய மின்சாரத்துக்கான அடப்டரோ, மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமரோ வேண்டும். இங்கிலாந்து, ஐரோப்பாவில் இருந்து வந்த பெட்டிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது, பெட்டிக்குள் வைஃபை இருக்கிறதா என்பது. பிளேஸ்டேஷன் 4 எல்லாவற்றிலும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3 இல் ஆரம்பத்தில் வந்த 20 ஜிபி மாதிரியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. எக்ஸ்பொக்ஸ் 360 இல்தான் குழப்பம். 2005 இல் இருந்து வந்த தடித்த மாதிரிகளில், கறுப்பு நிற எலீட் உட்பட, வைஃபை கிடையாது. 2010 இல் வந்த மெல்லிய மாதிரியில் இருந்துதான் உள்ளேயே வந்தது.

வைஃபை இல்லாத எக்ஸ்பொக்ஸ் 360 க்கு மைக்ரோசொஃப்ட் ஒரு அடப்டரைத் தனியாக விற்றது. வந்த காலத்தில் அமெரிக்காவில் அதன் விலை 100 டொலர் அளவு. இப்போது அதைத் தேடி அலையத் தேவையில்லை. கணினிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை டோங்கிளையும் வாங்கவேண்டாம். அது கணினிக்குச் செய்தது. எக்ஸ்பொக்ஸ் 360 இலோ பிளேஸ்டேஷனிலோ செருகினால் பெட்டி அதைக் கண்டுகொள்ளாது.

செலவில்லாத வழி: கைத்தொலைபேசி

பெட்டியில் வைஃபை இருந்தால் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டே போதும். போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டு, பிளேஸ்டேஷன் 4 இல் செட்டிங்ஸ், நெட்வேர்க், செட் அப் இன்டர்நெட் கனெக்ஷன், யூஸ் வைஃபை என்று போனால் உங்கள் போனின் பெயர் தெரியும். கடவுச்சொல்லைக் கொடுத்தால் முடிந்தது.

பெயர் தெரியவில்லை என்றால் பெட்டி பழுது என்று நினைக்கவேண்டாம். வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2013 இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 க்கும் பிளேஸ்டேஷன் 3 க்கும் 2.4 மட்டும்தான் தெரியும். புதிய போன்கள் சிலவேளை 5 இல் ஹொட்ஸ்பொட் போடும். அன்ட்ரொயிட் போனில் ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் 2.4 ஐத் தெரிவு செய்யுங்கள். ஐபோன் 12 உம் அதற்குப் பிந்தியவையும் என்றால் 'மெக்ஸிமைஸ் கொம்பாட்டிபிலிட்டி' என்பதைப் போடுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ 3 இருந்தால் அதை டபிள்யூபிஏ 2 ஆக மாற்றுங்கள். பழைய பெட்டிகளுக்குப் புதியது விளங்காது.

இன்னொன்று, யூடியூப், வட்ஸ்அப் என்று குறிப்பிட்ட செயலிகளுக்காகப் போடும் மலிவான பக்கேஜ் கேமுக்கு உதவாது. எதற்கும் பாவிக்கக்கூடிய டேட்டாவாக இருக்கவேண்டும்.

ரவுட்டர் உள்ள வீட்டில்: ஒரு வயர்

வீட்டில் 4ஜி ரவுட்டரோ ஃபைபர் இணைப்போ இருந்தால் அதன் பின்பக்கம் சதுரமான ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவைதான் லான் போர்ட். ஒரு லான் கேபிளின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைப் பெட்டியிலும் செருகினால் கடவுச்சொல்கூடக் கேட்காது. 100 மீற்றர் தூரம் வரை இந்த வயர் வேலை செய்யும் என்பதால் விறாந்தையில் இருந்து உள்ளறைக்குத் தாராளமாக இழுக்கலாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் வீடுகளில் வைஃபையைவிட இதுவே உறுதியானது. வைஃபை இல்லாத பழைய எக்ஸ்பொக்ஸுக்கும் இதுதான் மிக மலிவான மருந்து.

மடிக்கணினியைப் பாலமாக்குவது

ரவுட்டர் இல்லை, பெட்டியிலும் வைஃபை இல்லை, ஆனால் படிப்புக்கு வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி போனின் ஹொட்ஸ்பொட்டில் இருந்து இணையத்தை எடுக்கும். அதை லான் கேபிள் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும்.

விண்டோஸில் கொன்ட்ரோல் பனலுக்குள் நெட்வேர்க் கனெக்ஷன்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். வைஃபை அடையாளத்தின் மேல் வலது பக்க கிளிக் செய்து புரொபர்டீஸைத் திறந்து, 'ஷெயாரிங்' பகுதியில் மற்றவர்கள் இந்த இணைப்பைப் பாவிக்க அனுமதிக்கும் கட்டத்தில் சரி போடுங்கள். கீழே எந்த இணைப்புக்குக் கொடுப்பது என்று கேட்டால் ஈதர்நெட்டைத் தெரியுங்கள். பெட்டியில் வயர் இணைப்பைத் தெரிந்து, முகவரிகளை 'ஒட்டோமட்டிக்' என்று விட்டால் போதும். விளையாடி முடியும்வரை மடிக்கணினி உறங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

மடிக்கணினியும் இல்லையென்றால் 'கிளயன்ட் மோட்' உள்ள சிறிய ரவுட்டர் ஒன்றைத் தேடுங்கள். இது வைஃபையைப் பிடித்து லான் வயரில் தரும். உதாரணத்துக்கு ரீபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூஆர்802என் உள்ளங்கைக்குள் அடங்கும். போன் சார்ஜரில் ஓடும். லான் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்ரெண்டரும் இதே வேலையைச் செய்யும். அதற்கும் முன்னர், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரின் செட்டிங்ஸில் கிளயன்ட் அல்லது பிரிட்ஜ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் காசும் மிச்சம்.

'கேமிங் ரவுட்டர்' என்று விலை கூட்டி விற்பதை வாங்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

காசு கரையும் இடம்

ஒன்லைனில் விளையாடுவது பலர் பயப்படும் அளவுக்கு டேட்டா தின்பதில்லை. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 100 எம்பி அளவிலேயே முடியும். சிலவற்றுக்குக் கூடும். அதே ஒரு மணித்தியாலம் எச்டி தரத்தில் யூடியூப் பார்த்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும்.

பிரச்சினை அப்டேற்றுகள்தான். ஒரு விளையாட்டின் அப்டேற் சில ஜிபியில் இருந்து பத்துக்கணக்கான ஜிபி வரை போகும். கோல் ஒஃப் டியூட்டி வரிசையில் சில விளையாட்டுகள் முழுதாக 100 ஜிபியைத் தாண்டியவை. இணைத்தவுடனே பெட்டி கேட்காமலே இறக்கத் தொடங்கினால் ஒரு மாத ரீலோட் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். எனவே இணைத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'ஒட்டோமட்டிக் டவுன்லோட்ஸ்' என்பதை நிறுத்துவது.

பெரிய அப்டேற் அவசியம் என்றால், உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அதில் இறக்குங்கள். இல்லாவிட்டால் ஃபைபர் இணைப்புள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் பெட்டியையே கொண்டுபோய் இறக்கிக்கொண்டு வாருங்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட சனத்துக்கு இது பெரிய வேலை அல்ல.

ரொறன்ரோ தூரம்

யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்கு நேர்கோட்டுத் தூரமே 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி அங்கே போய்த் திரும்பிவர எப்படிப் பார்த்தாலும் செக்கனில் எட்டில் ஒரு பங்காவது வேண்டும். கடலடிக் கேபிள்கள் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூடும். எந்த ரவுட்டரும் எந்தப் பக்கேஜும் இந்தத் தூரத்தைக் குறைக்காது. உதைபந்தாட்டத்திலும் சுடும் விளையாட்டுகளிலும் இந்தத் தாமதம் தெரியும். மைன்கிராஃப்ட் போலச் சேர்ந்து கட்டும் விளையாட்டுகளில் அவ்வளவாகத் தெரியாது.

மொபைல் இணைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பொது முகவரியைப் பல பாவனையாளர்கள் பகிர்வதால் பெட்டி 'நட் டைப் 3' என்று காட்டலாம். அப்போது இங்கிருந்து விளையாட்டைத் தொடங்கி மற்றவரை அழைத்தால் இணையாமல் போகும். அங்கே இருப்பவர் தொடங்கி நீங்கள் போய்ச் சேருங்கள். பெரும்பாலும் சரிவரும்.

காசு போடுவதற்கு முன் மச்சானிடம் இருக்கும் பெட்டி எது என்றும் கேளுங்கள். அவரிடம் பிளேஸ்டேஷன் 5, உங்களிடம் 4 என்றால் பல விளையாட்டுகளைச் சேர்ந்து விளையாடலாம். உங்களிடம் 3 என்றால் பெரும்பாலும் முடியாது. பழைய பெட்டிகளின் பல விளையாட்டுகளுக்கு ஒன்லைன் சேவை மூடப்பட்டுவிட்டது. எக்ஸ்பொக்ஸ் 360 இன் இணையக் கடையே 2024 ஜூலையில் மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 4 இல் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளை ஒன்லைனில் விளையாடப் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட், ரொக்கெட் லீக் போன்ற இலவச விளையாட்டுகளுக்குத் தேவையில்லை. கணக்குத் திறக்கும்போது சோனி காட்டும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. தெரிவு செய்த நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. காசு கார்ட்டுகளும் அந்த நாட்டுக்குரியவையாகவே இருக்கவேண்டும்.

சத்தமும் அந்நியரும்

எங்கள் வீடுகளுக்கு மட்டும் உரிய ஒரு விடயம் இருக்கிறது. பிள்ளைக்கு ஷெல் சத்தம் ஒரு விளையாட்டு. குசினியில் நிற்கும் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ அது அப்படியல்ல. தொலைக்காட்சியில் துவக்குச் சத்தம் கேட்டதும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வெளியே போய்விடும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. பிளேஸ்டேஷன் 4 இன் கொன்ட்ரோலரில் சாதாரண ஹெட்போனைச் செருகி, செட்டிங்ஸில் டிவைசஸ், ஓடியோ டிவைசஸ் என்ற இடத்தில் ஹெட்போனுக்கு 'ஓல் ஓடியோ' என்று கொடுத்தால் எல்லாச் சத்தமும் பிள்ளையின் காதுக்குள் போய்விடும். இதற்கும் ஐந்து சதம் செலவில்லை.

அதே ஹெட்போனில் அந்நியரும் பிள்ளையோடு கதைக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். பிள்ளையின் கணக்கைப் பெற்றோரின் கணக்குக்குக் கீழே சிறுவர் கணக்காகத் திறந்தால், மற்றவர்களோடு கதைப்பதையும் விளையாடும் நேரத்தையும் நீங்கள் கட்டுப்படுத்தலாம். உங்களுக்குச் செய்யத் தெரியாவிட்டால் பெட்டியைத் தந்த மாமாவையே வீடியோ கோலில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நான்கு நாடுகளில் சிதறிய குடும்பத்தில் மச்சான்மார் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. போனில் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டதற்குப் பிறகு அவர்களுக்குக் கதை முடிந்துவிடும். சேர்ந்து ஒரு வீடு கட்டினாலோ ஒரு கோல் அடித்தாலோ ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளையின் தமிழும் இங்கே இருக்கும் பிள்ளையின் ஆங்கிலமும் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் திருந்துகின்றன. ரொறன்ரோவுக்கும் இங்கேக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் வித்தியாசம். சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு இங்கே பெட்டியைப் போட்டால், அங்கே மச்சான் காலையில் நித்திரையால் எழும்பியிருப்பான்.