நீர்த்தேவையும் தாவரப் பாகுபாடும்: காரைதீவுக் கரையை முன்வைத்து

டென்மார்க் நாட்டுத் தாவரவியலறிஞர் யூஜேனியஸ் வார்மிங், 1895இல் வெளியிட்ட தம் நூலில் தாவரக் கூட்டங்களை நீர்த்தாவரம், வறள்நிலத் தாவரம், உவர்நிலத் தாவரம், இடைநிலைத் தாவரம் என நால்வகைப்படுத்தினார். இப்பாகுபாட்டின் பொருளை உணர, அம்பாறைக் கரையிலுள்ள காரைதீவுப் பகுதியைக் கடலிலிருந்து மேற்கு நோக்கிக் காண்போம்.

கடலோர மணலில் இராவணன் மீசையும் அடம்பனும் படர்கின்றன. பெய்யும் மழைநீர் மணலில் நில்லாது வடிந்துவிடுவதால், இங்கு வறட்சியைத் தாங்கவல்லனவே நிலைக்கின்றன. இராவணன் மீசையின் விறைத்த ஒடுங்கிய இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. குடியிருப்புகளில் வளரும் மாவும் வாழையும் இடைநிலையின. நீர்த்தேக்கமும் கடும் வறட்சியும் அவற்றுக்கு ஒவ்வா. அப்பாலுள்ள வயல்களில் நெல் சேற்றில் நின்று செழிக்கிறது. அதன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வேர்நுனிவரை ஒட்சிசனைக் கொண்டுசெல்வதே இதற்குக் காரணம். குளத்து ஆம்பலோ முழு நீர்த்தாவரம். மிதக்கும் அதன் இலையில் இலைவாய்கள் மேற்பரப்பிலேயே அமைந்துள்ளன.

களப்போரக் கண்டலை எவ்வகையில் அடக்குவது? அதனைச் சூழ நீர் உண்டு. எனினும் உப்பின் செறிவு மிகுதியாதலின் வேர் அந்நீரை எளிதில் உறிஞ்சவியலாது. ஜெர்மானிய அறிஞர் சிம்பர் 1898இல் இந்நிலையை உடற்றொழில் வறட்சி என விளக்கினார். கண்டல் உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே தடுக்கிறது; கண்ணா உட்புகுந்த உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. ஆகவே, நீர் உள்ளதா என்பது மட்டுமன்று வினா. அது எத்தகைய நீர், எவ்வளவு காலம் நிற்பது, வேர் அதனைப் பெறவியலுமா என்பனவும் வினாக்களாம்.

இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பனவல்ல. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், இலங்கையின் கரையோரங்களில் கண்டற் காடுகளை வளர்க்கும் முயற்சிகள் பெருகின. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, நடப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயரே வெற்றிபெற்றது எனவும், 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை எனவும் காட்டியது. பொருந்தாத நிலமட்டமும் மண்ணிலையும், நட்டபின் பராமரிப்பின்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன.

பாகுபாடு இயற்கையின் இறுகிய வேலியன்று. நெல்லே மேட்டு நிலத்தில் மழையை நம்பியும் விளைகிறது. எனினும், கன்றை நடுமுன் நிலத்தை வினவுமாறு அது நம்மைப் பணிக்கிறது. அவ்வினாவைத் தவிர்த்த திட்டங்களில் மக்களின் உழைப்பே வீணாகிறது. அவர்கள் நம்பியிருந்த கரைக்காப்பும் கிட்டாது போகிறது.