அக்குள் உலர்ந்ததா?

பூச்சிமருந்து உடலில் ஏறிய ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார். அடுத்த ஊசி போடலாமா, எவ்வளவு போடலாம் என்று தீர்மானிக்க மருத்துவர் அவருடைய அக்குளைத் தொட்டுப் பார்க்கிறார். ஈரமாக இருந்தால் இன்னும் மருந்து போதவில்லை.

வயலில் அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்றொரு வகை உண்டு. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் இந்த இனம்தான். இது உள்ளே போனால் வாயில் எச்சில் நுரை தள்ளும், வியர்வை ஊற்றும், கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி மெதுவாகும். நுரையீரலுக்குள் சளி சுரந்துகொண்டே இருக்கும். தன் உடல் சுரந்த நீரிலேயே ஒருவர் மூச்சு முட்டிப் போகக்கூடும்.

எச்சிலும் வியர்வையும் இதயத் துடிப்பும் நாம் நினைத்து நடப்பவை அல்ல. தன்னியக்க நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அந்த நரம்புகள் உறுப்புகளோடு பேசுவது வேதிப்பொருள் வழியாக என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி 1921-இல் காட்டினார். ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். எந்த நரம்பும் தூண்டப்படாத அதுவும் தளர்ந்தது! நீரில் கலந்திருந்தது அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செய்தி சொல்லி முடித்ததும் அசிட்டைல்கோலின் அழிய வேண்டும். அதற்கென்று இருக்கும் நொதியின் ஒரே மூலக்கூறு, நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். பூச்சிமருந்து அந்த நொதியைத்தான் முடக்குகிறது. அழியாத செய்தி குவிந்து, உறுப்புகள் ஓயாமல் வேலை செய்யத் தொடங்குகின்றன.

இதற்கு மாற்று அட்ரோபின். நம் வேலியோர ஊமத்தையில் இருப்பதும் இந்த இனத்து வேதிப்பொருள்தான். அட்ரோபின் நஞ்சைத் தொடுவதே இல்லை, நொதியையும் மீட்பதில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் இருக்கைக்குப் போட்டி எவ்வளவோ அவ்வளவு துண்டு வேண்டும். அதனால்தான் இந்த மருந்துக்கு முன்கூட்டியே அளவு சொல்ல முடிவதில்லை. 3 மில்லிகிராம் வரை கொடுத்துத் தொடங்குவார்கள். ஐந்து நிமிடத்தில் மாற்றம் தெரியாவிட்டால் 6, பிறகு 12 என்று இரட்டித்துக்கொண்டே போவார்கள். ஒரு குப்பியில் 0.6 மில்லிகிராம் என்றால், 12 மில்லிகிராமுக்கு இருபது குப்பி உடைக்க வேண்டும். கட்டிலருகே செவிலியர் குப்பி குப்பியாக உடைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

எதுவரை இரட்டிப்பது? நெஞ்சில் கரகரப்பு அடங்க வேண்டும், நாடி 80-ஐத் தாண்ட வேண்டும், இரத்த அழுத்தம் நிலைக்க வேண்டும், அக்குள் உலர வேண்டும். இதில் அக்குள் எனக்குத் தீராத வியப்பு. வியர்வைச் சுரப்பிகளுக்குப் போவது தன்னியக்க மண்டலத்தின் ஒரு பிரிவான பரிவு நரம்புகள். அவை மற்ற இடங்களில் பெரும்பாலும் நார்அட்ரீனலின் என்ற வேறொரு வேதிப்பொருளைத்தான் சுரக்கும். இங்கே மட்டும் விதிவிலக்காக அசிட்டைல்கோலின். அந்த விதிவிலக்கு இல்லையென்றால், தொட்டுப் பார்த்து அறியும் இந்த எளிய வழி மருத்துவருக்குக் கிடைத்திருக்காது.

அளவு மிஞ்சினாலும் ஆபத்துதான். காய்ச்சல் ஏறும், குடல் ஓசை அடங்கும், சிறுநீர் கட்டும், நோயாளி பிதற்றிக்கொண்டு காற்றில் எதையோ பிடிக்கப் பார்ப்பார். அப்போது மருந்தை நிறுத்தி, பிறகு குறைத்துத் தொடர வேண்டும்.

அட்ரோபினால் எட்ட முடியாத இடமும் ஒன்று உண்டு. கை, கால், மூச்சுத் தசைகளிலும் அசிட்டைல்கோலின்தான் தூது; ஆனால் அங்குள்ள ஏற்பி வேறு வகை, அட்ரோபின் அதில் உட்காராது. முதல் கண்டம் தாண்டியபின், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தசைகள் தளர்ந்து மூச்சு நிற்கும் அபாயத்தை இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும் 1987-இல் விவரித்தார்கள். கழுத்துத் தசை முன்னதாகவே தளர்ந்துவிடும் என்பதால், தேறி வருகிறவரிடம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தூக்க முடியவில்லை என்றால், அக்குள் எவ்வளவு உலர்ந்திருந்தாலும், செயற்கை சுவாசக் கருவி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.