எருக்குழியும் நெகிழித்தாளும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மாடு கட்டிய வீடுகளுக்கெல்லாம் கொல்லைப்புறத்தில் ஓர் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் மாடு கழித்த வைக்கோலும் காய்கறித் தோலும் அதிற் சேர்ந்து மட்கி, ஆடிப் பட்டத்துக்கு முன்பு வண்டியேறி வயலுக்குச் சென்றன. இன்று அதே குழியில் பால் உறையும் சீயக்காய்ப் பொட்டலமும் கிடக்கின்றன. அந்த எருவை வயலிற் கொட்ட உழவர் தயங்குகிறார். குப்பை பெருகியதைக் காட்டிலும், மட்குவதும் மட்காததும் கலந்துபோனதே ஊர்ப்புறத் தூய்மையைக் கெடுத்தது என்பது என் துணிபு.

மட்குதலை நடத்துபவை நுண்ணுயிர்கள். அவை ஆற்றலுக்குக் கரிமத்தையும் உடல் வளர்ச்சிக்குத் தழைச்சத்தையும் கொள்கின்றன. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வேலை விரைந்து நடக்கும். வைக்கோலில் கரிமம் ஏறத்தாழ 80 பங்கு. அதனால் அது தனித்துக் கிடந்தால் எளிதில் மட்காது. காய்கறிக் கழிவிலோ கரிமம் குறைவு, நீர் மிகுதி. தனித்துக் கிடந்தால் அழுகி நாறும். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சாணக் கரைசல் தெளித்தால் அளவு நேராகும். இந்திய, சீன உழவர்களின் இத்தகைய வழக்கங்களைக் கூர்ந்து நோக்கியே, 1920களில் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூர் எருமுறையை வகுத்தார்.

நன்றாக அடுக்கிய குவியலின் நடுவே, சில நாள் கழித்து, ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்றுப் பொறுத்து உருவித் தொட்டுப் பாருங்கள்; கை சுடும். உள்ளே வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியசு வரை ஏறியிருக்கும். களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழிப்பது அந்த வெப்பமே. அதே குவியலில் ஒரு நெகிழித்தாள் விரிந்து கிடந்தால், அதனடியில் காற்றுப் புகாது, நீர் தேங்கும், கிளறும்போது கறுத்து வழவழத்த சேறு வரும். உயிர்வளி வேண்டா நுண்ணுயிர்கள் அங்கே குடியேறி மீத்தேன் வளியை வெளியிடுகின்றன. புவியைச் சூடேற்றுவதில் அது கரியமிலவளியைப் போல் 25 மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுடையது.

கலப்பதால் நெகிழிக்கும் கேடே. குடிநீர்ப் புட்டியின் அடியில் முக்கோணக் குறிக்குள் 1 என்ற எண்ணைக் காணலாம். பாலிஎத்திலீன் டெரெப்தாலேட் என்னும் அவ்வகை உருகுவதற்கு ஏறத்தாழ 250 பாகை வேண்டும். பால் உறையின் பாலிஎத்திலீனோ 110 பாகையை ஒட்டியே உருகிவிடும். 3 என்ற எண் பெற்ற பிவிசி, புட்டியை உருக்கும் சூட்டில் சிதைந்து அமிலவளியைக் கக்கும். ஆகவே வகை பிரியாத நெகிழியிலிருந்து நல்ல பொருள் பிறவாது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்ட நெகிழிச் சாலை முறையிலும், சுமார் 170 பாகைச் சூட்டிலுள்ள கருங்கல் சல்லிமீது நெகிழித் துகள் தூவப்படும். அங்கும் பிவிசிக்கு இடமில்லை. அவ்வழி பல ஊர்ச் சாலைகளுக்குப் பயன்பட்டது உண்மை. ஆயினும் வாங்காமல் தவிர்த்த பொட்டலத்துக்கு அது ஈடாகாது. மெல்லிய பல படலங்களை ஒட்டிச் செய்த சிறு பொட்டலத்தைப் படலம் படலமாகப் பிரிப்பது பெருஞ்செலவு. பழைய இரும்புக் கடைக்காரரும் அதை எடுப்பதில்லை.

எடுப்பாரற்ற அது வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. விறகு பற்றுவதற்கென்று நெகிழித்தாளைக் கொளுத்தும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. பிவிசி போன்ற குளோரின் கலந்த பொருள் குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. அது புகையோடு பறந்து புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலில் கலந்து குழந்தையின் வாய்க்கு வருகிறது. மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 7 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அடுப்பூதும் பெண்டிரே அப்புகையை முதலில் உண்கின்றனர். இதை எண்ணி நெஞ்சு பொறுக்கவில்லை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. சிறு பொட்டலங்கள் அதற்குப் பின்னும் பெட்டிக்கடைகளில் தொங்குகின்றன. அவற்றை ஆக்கி விற்போர் திரும்பப் பெறுவதை ஊராட்சிகள் வலியுறுத்த வேண்டும். நாமோ எண்ணெய்க்குத் தூக்குவாளியும் சந்தைக்குத் துணிப்பையும் கொண்டு செல்வோம். பால் உறையைக் கழுவி உலர்த்தித் தனிக்கூடையில் சேர்த்துத் தூய்மைக் காவலரிடம் கொடுப்போம். வெந்நீர் அடுப்பில் நெகிழித்தாள் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.