கம்ப்ரி இலை: உரத்துக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது

லயத்துப் பின்பக்கம் கீரைப்பாத்தி போடுகிறவர்களில் சிலர் கம்ப்ரிச் செடியும் வைத்திருக்கிறார்கள். புகையிலை மாதிரி அகலமாய், சொரசொரப்பாய் இருக்குமே, அதுதான். அதன் இலையைப் பாலில் அரைத்துக் குடித்தால் ஆஸ்துமா போகும், மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்றால் குடல்புண் ஆறும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

"பச்சிலைதானே, என்னா செஞ்சிடப் போவுது?" என்று கேட்காதீர்கள். இலையிலும், அதைவிட அதிகமாக வேரிலும், பைரோலிசிடின் அல்கலாய்டு என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈரலின் சிறு ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். இன்று தின்றால் இன்றே தெரியாது. நாள்பட நாள்பட ஈரல் கெடும். வயிறு வீங்கிய பிறகுதான் நமக்குப் புரியும். இதனால்தான் 2001-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கம்ப்ரி கலந்த சத்துப் பொருள்களைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அறவே வேண்டாம். ஏற்கெனவே தின்று வந்தவர்கள் இன்றே நிறுத்தி, கிளினிக்கில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் செடியைப் பிடுங்கி எறியவா? வேண்டாம். அது நல்ல உரம். வேர்த்துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் நடுங்கள். நன்றாக வளர்ந்ததும் கையுறை போட்டு இலைகளை அறுங்கள். வாளித் தண்ணீரில் போட்டு மூடி, மூன்று நான்கு வாரம் ஊறவிடுங்கள். நாற்றம் குடலைப் புரட்டும். வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். ஊறிய நீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மிளகாய், கத்தரி, வாழைக்கு வேரில் ஊற்றலாம். பொட்டாசியச் சத்து நிறைந்தது. கீரை மேல் ஊற்ற வேண்டாம்.

சுளுக்குக்கு இலையை அரைத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. வெட்டுக்கத்தி பட்ட காயத்திலும், செம்பனை முள் குத்திய இடத்திலும் கட்டவே கூடாது. தோல் கிழிந்த இடத்தில் நஞ்சு உள்ளே இறங்கும்.

இன்னொன்று. வேலையில் பட்ட அடியை இலை கட்டி மூடி மறைக்காதீர்கள். அன்றைக்கே மண்டோரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். டாக்டர் சீட்டு வாங்குங்கள். அடிபட்ட நாளையும் சேர்த்து 4 நாளாவது டாக்டர் லீவு இருந்தால்தான் சொக்சோவில் தற்காலிக ஊன உதவித்தொகை கேட்க முடியும். சீட்டு இல்லாமல் போனால் சங்கம் எதை வைத்துப் பேசும்?

இலை பாத்திக்குப் போகட்டும். அடிபட்ட கை கிளினிக்குக்குப் போகட்டும்.