ரெயில் போன தடத்தில் சைக்கிள் போகுமா?

மொரப்பூர் – தர்மபுரி பழைய பாதை சொல்லும் பாடம்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு ரெயில் ஓடியது. சின்ன ரெயில். சின்ன எஞ்சின். அது ஓடிய தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான்!

இன்று அந்த ரெயில் இல்லை. தண்டவாளமும் இல்லை. அது ஓடிய நிலத்தில் பல இடங்களில் வீடும் கட்டிடமும் வந்துவிட்டன.

ரெயில் போனது ஒரு நஷ்டம். நிலம் போனது அதைவிடப் பெரிய நஷ்டம். அந்த நிலத்தைக் காப்பாற்ற வழி இருந்ததா? இருந்தது. மிகவும் எளிய வழி அது. மனிதன் நடக்கவும் சைக்கிள் விடவும் ஒரு பாதை போட்டிருந்தால் போதும். அந்தக் கதையைப் பார்ப்போம்.

பஞ்சம் போட்ட பாதை

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது.

ஓர் ஊரில் தானியம் இருக்கும். வேறு ஊரில் பசி இருக்கும். தானியத்தைப் பசி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வழி இருக்காது. மாட்டு வண்டி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். மாட்டுக்கே தீனி இல்லாத காலம் அது!

பஞ்சம் தீர்ந்த பிறகு வெள்ளைக்கார சர்க்கார் ஒரு கமிஷன் வைத்து விசாரித்தது. "பஞ்சம் வரும் சீமைகளில் ரெயில் போடுங்கள்" என்று கமிஷன் யோசனை சொன்னது.

அந்த யோசனையின் வழியில் வந்ததுதான் மொரப்பூர் – தர்மபுரி ரெயில். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். 1906-ஆம் ஆண்டு ஓட ஆரம்பித்தது. 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவிலும் இதே மாதிரி ஒரு சின்ன ரெயில் ஓடியது.

சென்னையில் இருந்து சேலம் போகும் பெரிய பாதையில் மொரப்பூர் இருக்கிறது. அங்கே இறங்கி, சின்ன ரெயிலில் ஏறினால் தர்மபுரி!

நின்றது எப்படி?

ரெயிலுக்கு வருமானம் போதவில்லை. பிறகு இரண்டாவது உலகப் போர் வந்தது. 1941-இல் ரெயில் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 35 ஆண்டுகள் ஓடிய ரெயில் கதை அத்துடன் முடிந்தது.

தண்டவாளம் போன பிறகு மண் மேடு மட்டும் மிஞ்சியது. நீளமான, சமமான மேடு. ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. ஏன் தெரியுமா? ரெயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பித்தான் பாதை போடுவார்கள். ஓடை வரும் இடத்தில் சிறு பாலம் கட்டுவார்கள்.

எஞ்சினுக்குச் சுலபமான பாதை, சைக்கிளுக்கும் சுலபமான பாதைதான். ஆனால் அந்த யோசனை அன்று யாருக்கும் வரவில்லை. யாரும் காக்காத நிலம் என்ன ஆகும்? இன்றைக்கு ஒரு வேலி. நாளைக்கு ஒரு கொட்டகை. மறு வருஷம் ஒரு வீடு!

மறுபடி ரெயில் வேண்டும்!

மொரப்பூர் – தர்மபுரி ரெயில் மறுபடி வேண்டும் என்று மக்கள் பல்லாண்டு கேட்டார்கள். கடைசியில் 2016-17-ஆம் ஆண்டு ரெயில்வே பட்ஜெட்டில் புதிய பாதைக்கு அனுமதி கிடைத்தது. நீளம் 36 கிலோமீட்டர். 2019-இல் அடிக்கல்லும் நாட்டினார்கள்.

ஆனால் வேலை ஓடவில்லை. காரணம் நிலம்! பழைய தடத்தின் மேல் குடியிருப்புகள் வந்துவிட்டன. மக்கள் தங்கள் வீட்டை இடிக்காதீர்கள் என்றார்கள். பாதையை மாற்றிப் போட யோசித்தார்கள். புதிதாக நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் கரைந்தன.

ஒரு காலத்தில் கையில் இருந்த நிலம். அதையே மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை!

அமெரிக்காக்காரர் செய்த தந்திரம்

அமெரிக்காவிலும் இப்படி ரெயில்கள் நின்றன. விஸ்கான்சின் என்ற ராஜ்யத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்று இரண்டு சிறு ஊர்கள். சுற்றிலும் பண்ணைகள். நடுவில் ஓடிய ரெயில் 1964-இல் நின்றது.

அந்த ராஜ்ய சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1965-இல் அந்தத் தடத்தை விலைக்கு வாங்கியது. விலை 12 ஆயிரம் டாலர்தான்! 51 கிலோமீட்டர் தூரத்துக்கு நொறுக்கிய சுண்ணாம்புக் கல்லைப் பரப்பினார்கள். ரெயிலுக்காக மலையைக் குடைந்த மூன்று சுரங்கங்களும் அப்படியே இருந்தன. 1967-இல் சைக்கிள் பாதை திறந்தது.

இன்றும் அங்கே சைக்கிள் விடுகிறார்கள். பதினாறு வயது ஆனவர்கள் ஒரு பாஸ் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் பாதையைச் செப்பனிடுகிறார்கள்.

1983-இல் அமெரிக்கா ஒரு சட்டமும் செய்தது. "ரெயில் நின்ற தடத்தை உடைத்து விற்காதே. நடைபாதையாக வைத்துக்கொள். நாளைக்கு ரெயில் வேண்டுமானால் அந்தத் தடத்தையே எடுத்துக்கொள்ளலாம்" என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

பணத்தைப் பாங்கியில் போட்டு வைப்பது போல, நிலத்தைப் பாதையில் போட்டு வைக்கிறார்கள்! தர்மபுரியில் 1941-இல் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால்? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதையும் கிடைத்திருக்கும். ரெயிலுக்கு நிலமும் மிஞ்சியிருக்கும்.

எதற்கு இந்தப் பாதை?

"சாலைதான் இருக்கிறதே! தனிப் பாதை எதற்கு?" என்று கேட்கலாம்.

சாலை யாருக்கு இருக்கிறது? லாரிக்கு இருக்கிறது. பஸ்ஸுக்கு இருக்கிறது. காருக்கு இருக்கிறது. தர்மபுரி வழியாகப் போகும் பெங்களூர் – சேலம் நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளை அறியாதவர்கள் உண்டா? அப்படிப்பட்ட வண்டிகளுக்கு நடுவில் ஒரு சிறுமி சைக்கிள் விட்டால், அவள் வீடு திரும்பும் வரை தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் வந்தது. சைக்கிள் கொடுத்தாகிவிட்டது. அது ஓடப் பத்திரமான பாதை வேண்டாமா?

புதுக்கோட்டைப் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள், சைக்கிளும் கற்றார்கள். பல்லாயிரம் பெண்கள்! சந்தைக்கும் வயலுக்கும் தாங்களே போனார்கள். யார் வந்து கூட்டிப் போவார்கள் என்று காத்திருக்கவில்லை. எழுத்து ஒரு விடுதலை என்றால், சைக்கிள் இன்னொரு விடுதலை.

நடப்பவர்களுக்கும் பயன் உண்டு. "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடை வழி குறித்தார்கள். சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நடை நல்ல மருந்து என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மருந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் அல்லவா?

திட்டம் போடுவது எப்படி?

ஒரு பாதை போட முதலில் வேண்டியது சிமெண்டு அல்ல, கணக்கு!

காலையில் எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்? சந்தை நாளில் எத்தனை பேர் நடக்கிறார்கள்? பள்ளி எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பஸ் நிற்கும் இடம் எங்கே? இவற்றை எண்ணிக் குறிக்க வேண்டும். ஆள் போகாத இடத்தில் போட்ட பாதையில் ஆடுதான் படுக்கும்.

இரண்டாவது, அகலம். இந்திய சாலைக் காங்கிரஸ் 1962-லேயே இதற்கு விதி வகுத்தது. சைக்கிள் பாதை 2 மீட்டராவது இருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் முந்திப் போக 3 மீட்டர் வேண்டும்.

3 மீட்டர் அகலத்தில் 30 கிலோமீட்டர் பாதைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஏறக்குறைய 22 ஏக்கர்! அவ்வளவுதான். இரண்டு ஊரை இணைக்கும் பாதைக்கு இது அதிகமா?

மூன்றாவது, நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். புறம்போக்கு எவ்வளவு, ஏரிக்கரை எவ்வளவு, பட்டா எவ்வளவு என்று கிராமக் கணக்கில் தெரியும். பட்டா நிலம் என்றால் விலை கொடுக்க வேண்டும். மிரட்டி வாங்கக் கூடாது.

நான்காவது, தண்ணீர். ஓடையை அடைத்துப் பாதை போட்டால் முதல் மழையில் பாதை போய்விடும். பக்கத்து வயலும் போய்விடும்.

ஐந்தாவது, நிழல். தர்மபுரி வெயிலில் நிழல் இல்லாத பாதையில் யார் நடப்பார்? பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்று இரு பக்கமும் நட்டால் 30 கிலோமீட்டருக்கு 6 ஆயிரம் மரம்.

பணம் எங்கே?

"எல்லாம் சரி, பணம் யார் கொடுப்பது?" இதுதான் பெரிய கேள்வி. ஒரே பெட்டியில் இருந்து முழுப் பணமும் வராது. பல கைகள் சேர வேண்டும்.

பார்லிமெண்டு மெம்பர் ஒருவருக்குத் தொகுதி வேலைக்காக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கும் முறை உண்டு. தமிழ்நாட்டில் சட்டசபை மெம்பர் தொகுதிக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இதில் சிறு பாலங்களும் சில கிலோமீட்டர் பாதையும் போடலாம்.

கம்பெனிகளின் பணமும் உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொது நன்மைக்குச் செலவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஓசூர் ஒரு தொழில் நகரம். அங்கே கேட்கலாம்.

ஊர் மக்களும் பங்கு போடலாம். "நமக்கு நாமே" திட்டம் 2021-இல் மறுபடி வந்தபோது, பொது வேலைக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும் என்று வைத்தார்கள். தன் காசு போட்ட பாதையை யாரும் உடைக்க விடமாட்டார்கள்.

போடுவது பெரிதல்ல!

உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவில் இருந்து ஆக்ராவுக்கு 207 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போட்டார்கள். 2016 நவம்பரில் திறப்பு விழா நடந்தது. ஆசியாவிலேயே இப்படி இல்லை என்று பேசினார்கள். கொஞ்ச காலத்தில் பல இடங்களில் பாதை சேதம் அடைந்துவிட்டது என்று செய்தி வந்தது. கவனிப்பார் இல்லை!

ஐதராபாத்தில் வேறு மாதிரி செய்தார்கள். 2023-இல் திறந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கு மேல் கூரை போட்டார்கள். அந்தக் கூரை வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கிறது. நிழலும் ஆச்சு, வருமானமும் ஆச்சு!

நம் ஊருக்கு அவ்வளவு பெரிய கூரை தேவை இல்லை. நமக்குப் புளியமரம் இருக்கிறது. சாலை ஓரத்துப் புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவது நம் நாட்டுப் பழக்கம். பாதை ஓரமும் புளியும் புங்கனும் நட்டால், மரம் நிழல் தரும். காய்க்கும் வயது வந்ததும் ஏலப் பணம் தரும். அந்தப் பணத்தைத் தனியாக வைத்துப் பாதைக்கே செலவிட வேண்டும்.

மலைக்காரர்களை மறக்கக் கூடாது

ஒரு நியாயமான கேள்வி உண்டு. இதே தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை இருக்கிறது. தேர்தல் வந்தால் ஓட்டு எந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன ஊர் அது. "அவர்களுக்குப் பாதை இல்லாதபோது சைக்கிள் பாதை ஒரு கேடா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

முதல் காசு மலைக்காரர்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வரும் நிலை எங்கும் இருக்கக் கூடாது. ஆனால் இரண்டும் ஒரே கேள்விதான். மோட்டார் வண்டி இல்லாதவனுக்கும் இந்த நாட்டில் வழி உண்டா என்பதே அந்தக் கேள்வி. மலையில் இருப்பவனுக்கும் வழி வேண்டும். மொரப்பூர்ப் பள்ளிச் சிறுமிக்கும் வழி வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களை 2022-இல் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தினார்கள். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் ஆகியவை அந்த ஆறு நாட்கள். வயது வந்த எவரும் அங்கே எழுந்து பேசலாம்.

உங்கள் ஊர் வண்டிப் பாதை எது, ஏரிக்கரைப் பாதை எது, பிள்ளைகள் போகும் ஒத்தையடிப் பாதை எது என்று எழுதிக்கொண்டு போங்கள். அவற்றை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். புதிய ரெயில் பாதை வரும் ஊர்களில், "ரெயில் ஓரமாக நடக்கவும் சைக்கிள் விடவும் இடம் விடுங்கள்" என்றும் கேளுங்கள். நிலம் எடுக்கும்போதே கேட்டால் செலவு குறைவு. பிறகு கேட்டால் பத்து மடங்கு!

அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட சீமை இது. தனக்கு வேண்டியதை அடுத்தவருக்குக் கொடுத்தவன் அவன். நாம் கனி கொடுக்க வேண்டாம். நம் பிள்ளைகள் பயம் இல்லாமல் நடக்க மூன்று மீட்டர் நிலம் கொடுத்தால் போதும்.