கன்பூசியஸும் வாக்குச்சீட்டும்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் கன்பூசியஸ் (கி.மு. 551–479) பற்றிக் கற்பிக்கும்போது, "இது நமக்கு எதற்கு?" என மாணவர்கள் கேட்பதுண்டு. விடை நம் பகுதியிலேயே இருக்கிறது.

ஆள்பவர் நேர்மையாக நடந்தால், ஆணையின்றியே மக்களும் நேர்வழி நிற்பர் என்பது கன்பூசியஸின் கருத்து. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்த பூ.ச. குமாரசாமி ராஜா இதற்குப் பொருத்தமான சான்று. இராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியவர் அவர்.

எனினும் 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் அவர் தோற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் இராஜாஜி முதலமைச்சரானார். ஆட்சியிலிருப்பவரை மக்களே அமைதியாக மாற்றும் இவ்வழி கன்பூசியஸிடம் இல்லை. மன்னர்கள் திருந்துவார்கள் என நம்பி அவர் நாடு நாடாகச் சென்றார், கேட்பாரில்லை. பின்வந்த மென்சியஸ் அரசரைவிட மக்களே முதன்மை என்றார். ஆனால் அம்மக்களின் கையிலும் வாக்கு இல்லை.

"நல்லவர் ஆண்டால் போதுமா, தேர்தலும் வேண்டுமா?" என்று வகுப்பை இரு குழுக்களாக்கி விவாதிக்கச் செய்யலாம். திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்தையும் உடன் வாசிக்கலாம். அடுத்த முறை வகுப்புத் தலைவரை நாம் நியமிக்காமல், மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.