பரணில் கிடக்கும் கருவிகளுக்கு மறுவாழ்வு

வாழப்பாடி வட்டாரத்தில் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் வைத்துள்ள விவசாயிகளில் பலர், மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சிறு பட்டறையும் வைத்திருப்பார்கள். கனமான பலகை ஒன்று, அதில் முடுக்கிய வைஸ், சுவரில் தொங்கும் ரம்பம், மூலையில் ஒரு சாணைச் சக்கரம். மண்வெட்டிக்குப் பிடி போடுவது, கதவுக்குச் சட்டம் இழைப்பது போன்ற வேலைகள் அங்கேயே முடிந்துவிடும். அதே வீட்டின் பரணில் பாட்டனார் காலத்து வாய்ச்சி, உளி, கோடாலி, அரிவாள் ஆகியவை துருவேறிக் கிடப்பதையும் காணலாம்.

பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால் இவற்றுக்குச் சொற்ப விலையே கிடைக்கும். ஆனால் பழைய கொல்லர்கள் மெல்லிரும்பால் உடலைச் செய்து, வெட்டும் வாய்க்கு மட்டும் உருக்கை வைத்துப் பற்றவைத்த கருவிகள் அவற்றில் இருக்கக்கூடும். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் உள்ள இரும்புக் கல்லை உருக்கிய தொழில் இந்த மாவட்டத்தில் நெடுங்காலம் நடந்தது. இம்மாவட்டத்துத் தாதுவை நம்பியே 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். பிற்காலத்தில் லாரியின் கமான் பட்டையிலிருந்து அடித்த அரிவாள்களும் நல்ல உருக்கே. ஆகவே, எடைக்குப் போடுமுன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நலம்.

மழுங்கிய கருவியால் வரும் நட்டம்

மரவள்ளிக் கரணை சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும் 8 முதல் 10 கணுக்களும் உள்ளதாக இருக்க வேண்டும். கூரிய கத்தி அல்லது ஹாக்சா பிளேடு கொண்டு வெட்டினால் முனை சமமாக இருக்கும். மழுங்கிய அரிவாளால் வெட்டினால் முனை நசுங்கி, பட்டை உரிந்து, தண்டு பிளந்துவிடும். நசுங்கிய கரணை எளிதில் அழுகும். வயலில் பழுது விழும். பாக்கு உரிக்கும் கத்தி மழுங்கினால் கை அதிகம் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்திய கை வழுக்கும்போதுதான் விரல் அறுபடுகிறது. ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், மழுங்கிய மண்வெட்டியைக் கொடுத்து முழுக் கூலியையும் கொடுப்பது இரட்டை நட்டம் ஆகும்.

முதலில் சோதனை

கருவியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். மணி போல ஒலித்தால் இரும்பு முழுமையாக உள்ளது. மொத்தையாக ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம். வெடித்த கோடாலியையும் சுத்தியலையும் பயன்படுத்தக் கூடாது; ஓங்கி அடிக்கும்போது துண்டு தெறிக்கும். உளியின் தலை அடிபட்டுக் காளான் போல விரிந்திருந்தால், அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கண்ணில் சில்லு தெறிப்பதற்கு அந்த விளிம்பே ஒரு காரணம்.

துரு நீக்குதல்

மேலாகப் படிந்த துருவுக்கு மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்தால் போதும். கெட்டித் துருவுக்குப் புளிக்கரைசல் அல்லது வினிகரில் ஓர் இரவு ஊறவைக்கலாம். மறுநாள் தேய்த்துக் கழுவி, சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, வெயிலில் நன்கு காயவைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். அலசாமல் விட்டால் எஞ்சிய புளிப்பே மீண்டும் துருவை உண்டாக்கும். பாட்டரி அமிலத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது நல்ல இரும்பையும் அரிப்பதுடன் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

தோய்ச்சலைக் காப்பதே முக்கியம்

துருவை நீக்கலாம், உடைந்த பிடியை மாற்றலாம். ஆனால் வாயில் உள்ள தோய்ச்சல் கெட்டால் வீட்டுப் பட்டறையில் சரிசெய்வது கடினம். கொல்லர் உருக்கைச் சிவக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு இளஞ்சூடு காட்டிப் பதமாக்குகிறார். இந்தப் பதமே கூர்மையை நிலைக்கச் செய்கிறது.

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது பதம் போய்விடுகிறது. வாயின் ஓரம் முதலில் வைக்கோல் மஞ்சளாகும். பிறகு பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகும். நீலம் என்றால் சூடு சுமார் 300 டிகிரி சென்டிகிரேடை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால்தான் "சாணை பிடித்த மறுநாளே மழுங்கிவிட்டது" என்ற குறை எழுகிறது. இரும்பின் மேல் பழி இல்லை.

இதைத் தவிர்க்க, பக்கத்தில் ஒரு வாளி நீர் வைத்துக்கொண்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை தோய்த்துத் தோய்த்துப் பிடிக்க வேண்டும். விரலால் தொட முடியாத சூடு வரவிடக் கூடாது. கூடுமானவரை அரத்தாலும் சாணைக்கல்லாலும் முடிப்பதே நல்லது. ஏற்கெனவே நீலமாகிவிட்டிருந்தால், அந்தப் பகுதியை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அல்லது கொல்லரிடம் கொடுத்து மீண்டும் தோய்ச்சல் போட வேண்டும்.

சக்கரத்தை மாட்டுமுன் தட்டிப் பார்த்து வெடிப்பு இல்லை என்று உறுதி செய்வது அவசியம். மூடி இல்லாத சக்கரத்தையும், கண்ணாடி அணியாத கண்ணையும் வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

எதற்கு எந்தக் கூர்?

மர வேலை உளிக்கு 25 முதல் 30 பாகைச் சரிவு ஏற்றது. அளவுகோல் வேண்டியதில்லை, சரிவின் நீளம் உளியின் கனத்தைப் போல இரு மடங்கு இருந்தால் 30 பாகை. உளியிலும் இழைப்புளித் தகட்டிலும் ஒரு பக்கம் மட்டுமே சரிவு. மறுபக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். கோடாலிக்கு வாய் சற்றுப் பருத்தே இருக்க வேண்டும். மிக மெல்லியதாக்கினால் பொரிந்துவிடும். மண்வெட்டிக்கு அரமே போதும். கருக்கரிவாளின் பற்களைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடக் கூடாது. பல் வெட்டத் தெரிந்த கொல்லரிடமே கொடுக்க வேண்டும்.

அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னிழுக்கும்போது அழுத்தினால் அதன் பல் வீணாகும். பற்களிடையே அடைத்த தூளைக் கம்பித் தூரிகையால் அகற்றி, சுண்ணக்கட்டி தேய்த்து வைத்தால் மீண்டும் அடைக்காது. பிடி இல்லாத அரத்தைக் கையாண்டால் அதன் வால்முனை உள்ளங்கையைக் குத்திவிடும்.

பிடியும் ஆப்பும்

பிடிக்குக் கருவேல மரம் ஏற்றது. உறுதியானது, அதிர்வைத் தாங்கும். நன்கு உலர்ந்த மரத்தில், ரேகை நீளவாட்டில் ஓடும்படி செதுக்க வேண்டும். ஆடிய பிடியை நீரில் ஊறவைத்து இறுக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. ஊறிய மரம் உப்பி, இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும். சரியான வழி ஆப்பு அடிப்பதுதான்.

வைக்கும் இடம்

கருவிகளை உர மூட்டைகளுக்கு அருகில் வைக்கக் கூடாது. உரங்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை; பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பை விரைவாக அரிக்கும். பச்சைப் பாக்கு உரித்த கத்தியில் துவர்ப்புச் சாறும் ஈரமும் தங்குவதால், அன்றே கழுவித் துடைக்க வேண்டும். ஆயுத பூஜையன்று இட்ட சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாள் துடைத்து எண்ணெய் பூசுவது நல்லது. ஈரச் சந்தனத்தின் அடியிலும் துரு பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் எல்லாக் கருவிகளுக்கும் ஒருமுறை எண்ணெய் பூசிவிட்டால், தை வரை கவலை இல்லை.

கருவியால் காயம் பட்டால் துருவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. எனவே பளபளக்கும் அரிவாளால் வெட்டுப்பட்டாலும் காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

வேலை முடிந்த மாலையில் துடைத்து எண்ணெய் பூசப் பத்து நிமிடம் போதும். பாட்டனார் கையில் தேய்ந்த உளி, பேரன் கையிலும் வேலை செய்யும்.